மூன்று ஒட்டியேனோக்கள்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் ரீச்சரின் வீடு. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை பின்னேரம் ஆறு பேர் அங்கே கூடுவோம். சாப்பாட்டு மேசையில் ஒரு மடிகணினி, மூச்சு வாங்கும் பழைய பிரிண்டர், கட்டுக் கட்டாகக் கடதாசி, ஒரு தட்டில் ரோல்ஸ். கடற்கரை ரயில் பாதையில் கோச்சி போகும்போது யன்னல் அதிரும், அரை நிமிடம் கதை நிற்கும். இந்த மேசையிலிருந்துதான் மேற்குக் கென்யாவில், விக்டோரியா ஏரிப் பக்கம் சியாயா என்ற இடத்தில், தாயையோ தகப்பனையோ இழந்த முப்பத்தொரு பிள்ளைகளுக்குப் போகும் உதவிக் காசின் கணக்கைப் பார்க்கிறோம்.

இப்படி ஒன்றைத் தொடங்க என்ன செய்யவேண்டும் என்று அண்மையில் மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டார்கள். மூன்று பேரும் காசு எப்படிச் சேர்ப்பது என்றுதான் கேட்டார்கள். எங்களை அலைக்கழித்தது காசு இல்லை, கடதாசி. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

தொடக்கம் லண்டனில். என் பெரியம்மாவின் மகன் வேலை விஷயமாகக் கென்யா போய் வந்தவர், தன் கூட்டாளிகளோடு சேர்ந்து தொடங்கினார். காசு சேர்க்க அதுதான் சரியான இடம். அங்கே வரி கட்டுகிற ஒருவர் ஒரு பவுண் கொடுத்தால், பதிவு செய்த தொண்டு நிறுவனத்துக்கு அரசாங்கம் அதன் மேல் 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். அவர்களிடம் இல்லாதது நேரம். 2020இல் எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது சூமில் அண்ணா கேட்டார்: "உங்களிலை ஆராவது இந்தக் கணக்கைப் பாக்கேலுமே?" எங்களிடம் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் இருந்தார், கணக்கியல் படிக்கிற தம்பி ஒருவர் இருந்தார். நான் கோட்டையில் கிளியரிங் அலுவலகம் ஒன்றில் சுங்கப் பத்திரங்களோடு மல்லுக்கட்டுகிறவள். சரி, பார்ப்போம் என்றோம்.

முதல் ஆறு மாதம் சும்மா நண்பர் குழுவாகவே ஓடியது. பிறகு கொழும்பில் இருப்பவர்களும் காசு தரத் தொடங்கினார்கள். ஒருவருடைய சொந்தக் கணக்கில் ஊர்க்காசைப் போட்டு வைப்பது சரியில்லை என்று வங்கி அங்கிள் பிடிவாதமாக நின்றார். அங்கேதான் சில்லறைத் தொல்லை தொடங்கியது. கணக்குத் திறக்கப் பதிவுச் சான்றிதழ் கேட்டார்கள். பதிவு என்றால் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம், அதாவது தன்னார்வ சமூகசேவை அமைப்புகளின் பதிவு பற்றியது. யாப்பு என்கிற அமைப்பு விதிகள், நிர்வாகசபைப் பட்டியல், கூட்டக் குறிப்பு, எங்கள் எல்லோருடைய விவரங்கள். யாப்பை மட்டும் நாலு தரம் திருத்தினோம். அந்தப் பதினான்கு மாதத்தை விரித்துச் சொன்னால் எனக்கே கொட்டாவி வரும். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: எந்த அலுவலகத்துக்குப் போனாலும் எல்லாவற்றிலும் மூன்று பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். பக்கத்துக் கடையில் போட்டோ கொப்பி மெசின் அன்றைக்குத்தான் பழுதாகும்.

போன இடமெல்லாம் ஒரே கேள்வி. வங்கியில் இருந்த பிள்ளை அதை நேரடியாகவே கேட்டுவிட்டார்.

"ஏன் மிஸ், இஞ்ச உதவி தேவைப்படுற பிள்ளையள் இல்லையே?"

நியாயமான கேள்வி. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இருக்கிறார்கள், அவர்களுக்கும் எங்களில் சிலர் செய்கிறார்கள், ஆனால் இது இந்த வேலை என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த படிவத்தைத் தந்தார். அவரில் பிழை இல்லை. வெளிநாட்டோடு தொடர்புள்ள அமைப்பு என்றதும் வங்கி ஆயிரம் கேள்வி கேட்கத்தான் வேண்டும். 2006ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

படிவத்தில் முதல் பெட்டி 'குடும்பப் பெயர்'. தமிழருக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரைப் போட்டோம். வங்கி அங்கிளுக்கு அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் இன்னொன்று. பெயரின் வால் ஆங்கிலத்தில் ஒன்றில் 'ஏ'யோடும் மற்றதில் 'யூ'வோடும் முடிந்தது. முப்பத்தைந்து வருடம் வங்கியில் மற்றவர்களுடைய கையெழுத்தைச் சரிபார்த்த மனுசன், தான் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு வந்தார். 'இவ்விரு பெயர்களும் என் ஒருவனையே குறிக்கும்.' வீட்டில் அதை வாசித்துக் காட்டும்போது ரீச்சர் சிரித்ததில் தேநீர் புரையேறிவிட்டது.

கணக்குத் திறந்த கையோடு 2022 வந்தது. வெளிநாட்டுக்குக் காசு அனுப்புவதற்கு 2020 ஏப்ரலிலிருந்தே கட்டுப்பாடுகள் வரத் தொடங்கியிருந்தன. இப்போது நாட்டில் டொலரே இல்லை. 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. எங்கள் கூட்டத்தை மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துத்தான் வைத்தோம். கையில் சேர்ந்திருந்தது நாலு லட்சத்து இருபதாயிரம். தெரிந்த ஒருவர் வந்து, "உண்டியல்லை போடுங்கோ, நாளைக்கே நைரோபியிலை குடுப்பினம்" என்றார். உண்டியல் என்றால் வங்கிக்கு வெளியே ஆள்வழி காசு மாற்றும் கள்ளவழி. அந்த நேரம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் அனுப்பினார்கள், வாங்கினார்கள். ஆசை வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் பதினான்கு மாதம் அலைந்து எடுத்த பதிவை ஒரே நாளில் குழிதோண்டிப் புதைக்க மனம் வரவில்லை.

தந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காசைத் திருப்பிக் கொடுத்தோம். பாதிப் பேர் வாங்கவில்லை. அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, அந்தக் காசில் கொட்டாஞ்சேனைப் பக்கம் உலருணவுப் பொதி கொடுத்தோம். அன்றிலிருந்து எங்கள் விதி இதுதான்: லண்டன் காசு அனுப்பும், கொழும்பு வேலை செய்யும். கொழும்புக் கணக்கில் கடதாசிச் செலவும் கணக்காய்வுச் செலவும் மட்டும்.

சாமான் அனுப்பலாமே என்பவர்களுக்கும் ஒன்று. உடுப்புப் பெட்டி அனுப்பாதீர்கள். நான் சுங்கத்தில் தினமும் பார்க்கிறவள், பெட்டியின் பெறுமதியை விடச் செலவு கூட வரும். கென்யாவில் 'மித்தும்பா' என்று பழைய உடுப்புச் சந்தை ஊருக்கு ஊர் இருக்கிறது. நாங்கள் அனுப்பும் சட்டையை விட நல்ல சட்டை அங்கே மலிவாகக் கிடைக்கும்.

இனி அந்தப் பக்கம். அங்கே எங்களோடு வேலை செய்பவர் ஒரு பெண், முன்னர் சமூகசேவையில் இருந்தவர். அவரிடமிருந்துதான் நான் அதிகம் படித்தேன். லண்டனில் ஒருவர் தன் அம்மாவின் பெயரில் அநாதை இல்லம் கட்டித் தருகிறேன் என்று பெரிய தொகையோடு வந்தார். எங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். அந்தப் பெண் வேண்டாம் என்றுவிட்டார். புதிய இல்லங்களைப் பதிவதையே கென்யா 2017இல் நிறுத்திவிட்டது, 2022இல் இருக்கிற இல்லங்களிலிருந்தும் பிள்ளைகளைக் குடும்பங்களுக்குத் திருப்பும் பத்தாண்டுத் திட்டமே போட்டது. ஆனால் அவர் சட்டம் பேசவில்லை. "இந்தப் பிள்ளைகளுக்குப் பாட்டி இருக்கிறா. கட்டிடம் கட்டினால் பிள்ளையைப் பாட்டியிடமிருந்து பிரித்து அதற்குள் வைக்கவேண்டி வரும்" என்றார்.

யுனிசெப் கணக்கில் தாய் தகப்பனில் ஒருவரை இழந்த பிள்ளையும் அநாதைதான். எங்கள் பட்டியலில் பத்துப் பேருக்கு அம்மா இருக்கிறா. மற்றவர்களில் பலர், எச்.ஐ.வி.யில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பாட்டிமாரிடம் வளர்கிறார்கள். யுத்தத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்து இல்லங்களிலும் எத்தனை பிள்ளைகளுக்கு அம்மா உயிரோடு இருந்தா என்பது எங்களுக்குத் தெரியாததா? கட்டிடக்காரர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும்.

ஆகவே காசு பாட்டிமாருக்குப் போகும். எம்-பெசா என்று கைத்தொலைபேசியிலேயே காசு அனுப்பும் முறை அங்கே 2007இலிருந்து இருக்கிறது, காய்கறி விற்பவரும் அதில்தான் வாங்குவார். ஒவ்வொரு அனுப்புதலுக்கும் பத்து எழுத்தில் ஒரு குறியீடு வரும். தம்பி அதை ஒவ்வொன்றாக லண்டன் கணக்கோடு பொருத்துவார். பூச்சியமா 'ஓ'வா என்று சண்டை வரும். ஒருமுறை செலவுப் பட்டியலில் 'போடா போடா – 300 ஷில்லிங்' என்று இருந்தது. ரீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆரையடா இவள் ஏசுறாள்?" என்றார். மோட்டார் சைக்கிள் டாக்சிக்கு அங்கே அதுதான் பெயர்.

நேரத்திலும் இடறினோம். ஒரு பாட்டி பதினொரு மணிக்குக் கதைப்பதாகச் சொன்னா. எங்களுக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணித்தியால வித்தியாசம், ஒன்றரைக்கு எல்லோரும் காத்திருந்தோம். அழைப்பு இரவு ஏழரைக்கு வந்தது. அங்கே ஊர்வழக்கில் பொழுது விடிந்ததிலிருந்துதான் மணி எண்ணுவார்கள், பதினொரு மணி என்றால் பின்னேரம் ஐந்து. எங்கள் நாழிகைக் கணக்கும் அப்படித்தானே என்றார் ரீச்சர்.

நான் செய்த பிழையை இனிமேலும் தள்ளிப்போட முடியாது. அந்தப் பகுதியில் இருப்பவர்கள் லூவோ மக்கள். பிள்ளை பிறந்த பொழுதை வைத்துப் பெயர் வைப்பார்கள். காலையில் பிறந்த பெண் அக்கின்யி, இரவில் பிறந்த ஆண் ஒட்டியேனோ. எங்கள் பட்டியலில் மூன்று ஒட்டியேனோக்கள். அதில் இரண்டு பேருக்கு இரண்டாவது பெயரும் ஒன்று, தொலைபேசி இலக்கமும் ஒன்று, பிறந்த திகதியும் ஒன்று, ஜனவரி 1. தம்பி பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்ததால் அந்த மாதம் நான்தான் பட்டியலைத் துப்புரவாக்கினேன். ஒரே பிள்ளை இரண்டு தரம் ஏறிவிட்டது என்று நினைத்து ஒரு வரியை அழித்தேன். கெட்டித்தனம் என்றும் நினைத்தேன்.

அவர்கள் இரண்டு பேர். ஒருவன் அண்ணனின் மகன், மற்றவன் தம்பியின் மகன், ஒரே பாட்டியிடம் வளர்கிறார்கள். இருவருக்கும் பிறப்புச் சான்றிதழ் இல்லை. தெரியாத திகதிக்கு யாரோ ஜனவரி 1 என்று போட்டிருக்கிறார்கள். ஒரு தவணை முழுக்க ஒருவனுக்கு மட்டும் காசு போனது. அந்தப் பெண் வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது: மதியச் சாப்பாட்டுக் காசு கட்டவில்லை என்று ஒருவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று பாட்டியைக் கேட்டாராம். "ஒருவனைத்தான் தெரிவு செய்தீர்கள் என்று நினைத்தேன். கேட்டால் அதையும் நிறுத்திவிடுவீர்களோ என்று பயம்."

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து நிவாரண வரிசையில் நின்றபோது, எங்கள் அட்டைக்குச் சீனி தரவில்லை. கேள் அம்மா என்றேன். "பேசாமல் வா, அடுத்த கிழமை அரிசியையும் வெட்டிப்போடுவான்" என்றார் அம்மா. வாங்குகிறவர் குறை சொல்லமாட்டார் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் நாங்களே அழைக்கிறோம். "கிடைத்ததா" என்று கேட்பதில்லை, அதற்கு எல்லோரும் ஓம் என்பார்கள். "வீட்டில் எத்தனை பிள்ளைகள், யார் யார் பள்ளிக்கூடம் போகிறார்கள்" என்று கேட்கிறோம். அழித்த வரிக்கான காசை அடுத்த மாதமே சேர்த்து அனுப்பினோம்.

அதற்குப் பிறகு பிறப்புச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டோம். அங்கே பள்ளிப் பிள்ளைகளின் கணினிப் பதிவுக்கு அந்த இலக்கம் கேட்பார்கள். இங்கே 42 நாளுக்குள் பிறப்பைப் பதியாவிட்டால் படும் பாடு எங்களுக்குத் தெரியும். இடம்பெயர்ந்ததில் ட்ரங்குப் பெட்டியோடு போன சான்றிதழ்களுக்காக எத்தனை அரசாங்கக் கச்சேரி வாசலில் நின்றிருக்கிறோம். அங்கே கிராம சேவகர் மாதிரி 'சீஃப்' என்று ஒருவர் இருக்கிறார். அவருடைய கடிதம், தடுப்பூசி அட்டை, இறந்துபோன தாயின் அடையாள அட்டை. பாட்டியிடம் இருந்தது தடுப்பூசி அட்டை மட்டும், அதையும் எலி கடித்திருந்தது. போடா போடாவில் ஐந்து தரம் போய் வந்தா. சிறியவனுடையது முதலில் கிடைத்தது. அவன் பிறந்தது ஜனவரியிலேயே இல்லை, ஓகஸ்ட்.

பெரியவனுடைய சான்றிதழின் படம் போன சனிக்கிழமை கூட்டத்தின் நடுவே வந்தது. தம்பி திரையில் பெரிதாக்கினார். இரண்டாவது பெயரில் ஒரு எழுத்து பள்ளிக்கூடப் பதிவிலிருந்து மாறியிருந்தது. அந்தப் பெண் கீழே கேட்டிருந்தார்: இனி என்ன செய்வது?

வங்கி அங்கிள் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப்போய், அலுமாரியில் முதல் பைலை இழுத்தார். தன் சத்தியக்கடதாசியின் மூன்று பிரதிகளில் ஒன்றை உருவி மேசையில் வைத்தார். "இந்த மாதிரி ஒண்டு அங்கயும் முடிக்கேலும் எண்டு சொல்லு" என்றார். ரீச்சர் அடுத்த ரோல்ஸ் தட்டை எடுக்கப் போனார். கோச்சி வந்தது.