சிகிரியா: குன்றில் ஏறும் முன் நீர்ப்பூங்காவைப் பாருங்கள்

கொழும்பிலிருந்து சிகிரியா ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. விடியுமுன் புறப்பட்டால் ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். அப்படிப் போகிறவர்களில் பெரும்பாலானோர் நுழைவாயிலைக் கடந்ததும் நேரே குன்றை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் உச்சிக்குப் போய்விட வேண்டும் என்ற அவசரம் நியாயமானதுதான். ஆனால் அந்த அவசரத்தில் அவர்கள் இருபுறமும் திரும்பிப் பாராமல் கடந்து செல்லும் நிலம், உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய அரச பூங்காக்களில் ஒன்று. ஐந்தாம் நூற்றாண்டில் இங்கிருந்து ஆண்ட அரசன் காசியப்பனின் அரண்மனை குன்றின் உச்சியில் தொடங்கவில்லை, மேற்கு அகழியின் கரையிலேயே தொடங்கிவிடுகிறது என்பதுதான் இந்தப் பயணத்தின் பின் என் உறுதியான எண்ணம்.

மார்கழி விடுமுறையில் வெள்ளவத்தையிலிருந்து குடும்பமாகப் போயிருந்தோம். மீரிகமையில் அதிவேகப் பாதையில் ஏறிக் குருநாகலில் இறங்கி, கலேவெல, தம்புள்ளை வழியாகச் சென்று, இனாமலுவச் சந்தியில் திரும்பினோம். காலைச் சாப்பாடு வாகனத்திலேயே முடிந்தது. எங்களுடன் பெரியப்பாவும் வந்திருந்தார். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குளங்களோடும் துருசுகளோடும் வாழ்நாளைக் கழித்தவர். முழங்கால் வலியால் அவருக்குப் படி ஏற முடியாது. அதனால் முதலில் அவரோடு கீழே ஆறுதலாகச் சுற்றிப் பார்ப்பது, பிறகு மற்றவர்கள் மேலே ஏறுவது என்று வீட்டிலேயே தீர்மானித்திருந்தோம். இனிச் சிகிரியாவுக்கு யார் போனாலும் இதே ஒழுங்கில்தான் பார்க்கச் சொல்வேன்.

அகழியைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் பாதை கிழக்கே குன்றை நோக்கி நேர்கோட்டில் போகிறது. அந்தக் கோட்டின் வலப்பக்கத்தில் இருப்பது இடப்பக்கத்திலும் இருக்கும்படி முழுப் பூங்காவும் வகுக்கப்பட்டிருக்கிறது. முதலில் வருவது நான்கு பெரிய தடாகங்கள் சூழ்ந்த ஒரு தீவு. நான்கு திசையிலிருந்தும் நடைவழிகள் நடுவில் வந்து கூட, இடையிடையே நீர் நிற்கும் இந்த அமைப்பைத்தான் சார்பாக் என்று மொகலாயப் பூங்காக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் சொல்வார்கள். தாஜ்மகாலின் முன்னால் இருப்பது 17 ஆம் நூற்றாண்டுக்குரியது. இங்கே இருப்பது அதைவிட ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தது.

நாங்கள் அதிக நேரம் நின்ற இடம் அதற்கு அடுத்து வரும் ஊற்றுப் பூங்கா. ஆழமும் நீளமும் கொண்ட இரண்டு தடாகங்களும், அவற்றில் வந்து விழும்படி பாம்பு போல வளைந்து வளைந்து வரும் ஆழமற்ற ஓடைகளும் அங்கே இருக்கின்றன. ஓடையின் தளத்தில் வட்டமான சுண்ணாம்புக்கல் தட்டுகள் பதிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு தட்டிலும் சீரான இடைவெளியில் துளைகள் இருக்கின்றன. முந்தின இரவு நல்ல மழை பெய்திருந்தது. குனிந்து பார்த்தபோது, ஒவ்வொரு துளையிலிருந்தும் தண்ணீர் சில விரற்கடை உயரத்துக்கு மெல்ல எழும்பி, தட்டின் மேலேயே பரந்து, ஓரத்தால் வழிந்து ஓடையில் சேர்ந்துகொண்டிருந்தது. துளைகளின் விளிம்பு தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தது. ஒன்றிரண்டு துளைகளில் பாசி அடைத்து நீர் பக்கவாட்டில் பீச்சியது. ஐந்தாம் நூற்றாண்டில் யாரோ ஒரு கல்தச்சர் துளைத்த துளை வழியே இன்றைய மழைத் தண்ணீர் மேலே வருகிறது என்று எண்ணியபோது, அந்த இடத்தைவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

பெரியப்பா ஊற்றைவிட அதற்குப் பக்கத்தில் இருந்த சதுரமான கல்தொட்டிகளையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, இதில மோட்டரும் இல்லை, ஒண்டும் இல்லை. தண்ணியைக் கொஞ்சம் உயரத்தில மறிச்சு வச்சு, நிலத்துக்குக் கீழால வாய்க்கால் எடுத்து விட்டிருக்கிறாங்கள். நிக்கிற தண்ணின்ர பாரந்தான் இஞ்ச மேல தள்ளுது,” என்றார். தொல்பொருளியலாளர்கள் தரும் விளக்கமும் இதுவேதான். அந்தத் தொட்டிகள் நீரைச் சேமித்து அழுத்தம் கொடுக்கப் பயன்பட்டவை. மத்திய கலாசார நிதியத்தின் அகழ்வுகளின்போது நிலத்தடி வாய்க்கால்களில் அடைத்திருந்த மண்ணை அகற்றிய பின்னரே, மழைக்காலத்தில் இந்த ஊற்றுகள் மீண்டும் இயங்கத் தொடங்கின. அகற்ற வேண்டியிருந்தது மண்ணை மட்டுமே என்பது, அதைக் கட்டியவர்களின் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தது என்பதற்குப் போதுமான சான்று.

இவ்வளவு நுட்பம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், காசியப்பனின் தந்தையிடம்தான் போக வேண்டும். அநுராதபுரத்தில் பாண்டிய அரசர் அறுவர் ஆண்ட காலத்துக்கு முடிவு கட்டி ஆட்சிக்கு வந்தவன் தாதுசேனன். கலாவெவக் குளத்தைக் கட்டியவன் அவனே. அங்கிருந்து அநுராதபுரத்துக்கு நீர் கொண்டுபோகும் ஏறத்தாழ 87 கிலோமீற்றர் நீளமான ஜயகங்கைக் கால்வாயும் அவன் காலத்ததாகவே சொல்லப்படுகிறது. அந்தக் கால்வாயின் முதல் 17 மைல்களில் ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் மட்டுமே சரிவு. தன் வேலைக்காலத்தில் அளவுக்கருவியோடு வாய்க்கால் சரிவு பிடித்த பெரியப்பா, இந்த எண்ணைச் சொல்லும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

காசியப்பன் தந்தையைச் சிறையிட்டுச் செல்வம் எங்கே என்று நெருக்கியபோது, தாதுசேனன் கலாவெவக்குப் போய் அதன் நீரைக் கையில் அள்ளிக் காட்டி, தன் செல்வம் முழுவதும் இதுவே என்றான் என இலங்கை அரசர்களின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் கூறுகிறது. அதன் பின் தந்தையைச் சுவரில் வைத்துக் கட்டிக் கொன்றான் மகன். முறைப்படி அரசுக்கு உரிய தம்பி முகலன் இந்தியாவுக்குத் தப்பிப் போனான். காசியப்பன் 477 முதல் 495 வரை சிகிரியாவிலிருந்து ஆண்டு, படையோடு திரும்பி வந்த முகலனிடம் தோற்று, போர்க்களத்திலேயே உயிரை மாய்த்துக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்த கதைதான். ஆனால் ஊற்றுப் பூங்காவில் நின்றுகொண்டு அதை நினைத்தால் வேறொன்று தெரிகிறது: தந்தையைக் கொன்ற மகன், தந்தை காட்டிய அந்தச் செல்வத்தைக் கொண்டே தன் அரண்மனை முற்றத்தை அலங்கரித்திருக்கிறான். வயலுக்குப் பாய்ந்த நீர் அறிவை இன்பத்துக்குத் திருப்பியிருக்கிறான். அந்தக் குற்றத்தை நான் சிறிதாக்கவில்லை. ஆயினும் அந்த அறிவு அரசனுடையது மட்டுமல்ல, தலைமுறை தலைமுறையாகக் குளம் கட்டிய மக்களுடையது.

பாதையின் இருமருங்கிலும் அகழி சூழ்ந்த தீவுகளில் கோடைகால மாளிகைகளின் அடித்தளங்கள் இருக்கின்றன. நுழைவாயிலுக்கு அண்மையில் இருக்கும் சிறு நீர்ப்பூங்காவை மட்டும் தவறவிடாதீர்கள். ஏறத்தாழ 90 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் கொண்டது. செங்கல் கட்டடங்களுக்கு நடுவே கூழாங்கல் பதித்த தளங்களின் மேல் மெல்லிய நீர்ப்படலம் ஓடும்படி அமைத்திருக்கிறார்கள். அது கண்ணுக்கும் உடம்புக்கும் குளிர்ச்சி தரத்தான். இதன் இரட்டை, பாதையின் தெற்குப் பக்கத்துப் புல்தரையின் கீழ் இன்னும் தோண்டப்படாமல் கிடப்பதாகக் கருதப்படுகிறது. பாதி பூங்காவைத்தான் நாம் பார்க்கிறோம்.

நீர்ப்பூங்கா முடிந்ததும் ஒழுங்கான கோடுகள் எல்லாம் முடிந்துவிடுகின்றன. அடுத்தது பாறைப் பூங்கா. பெரும் பாறைகளை இருந்த இடத்திலேயே விட்டு, அவற்றின் இடுக்குகளால் வளைந்து செல்லும் பாதைகள் அமைத்திருக்கிறார்கள். பாறைகளின் மேல் காணப்படும் வெட்டுகள் தேன்கூட்டின் கண்ணறைகளைப் போல வரிசையாக இருக்கும். அவை அங்கே நின்ற செங்கற் சுவர்களுக்கான கால்கள். காசியப்பனுக்கு நூற்றாண்டுகள் முந்திய பௌத்த துறவிகளின் குகைகளும் இங்கே உள்ளன. பிராமிக் கல்வெட்டுகளையும், மழைநீர் உள்ளே வராதபடி விளிம்பில் வெட்டிய தாழ்வாரத்தையும் பார்க்கலாம். சிகிரியா அரண்மனையே அல்ல, மடாலயம்தான் என்று தொல்பொருள் ஆணையாளராக இருந்த ராஜா டி சில்வா வாதிட்டார். பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. நான்கு தடாகங்களையும் ஊற்றுகளையும் பார்த்தவன் என்ற முறையில் எனக்கும் அது அரசனின் வீடாகவே படுகிறது.

பெரியப்பாவை மர நிழலில் ஒரு வாங்கில் இருத்தி, துணைக்கு மகளையும் விட்டுவிட்டு நாங்கள் மேலே ஏறினோம். பாறைச் சுவரில் தீட்டிய பெண்களின் ஓவியங்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. படம் எடுக்க அனுமதியில்லை என்பதால் எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள், அது நல்லதே. கண்ணாடிச் சுவர் எனப்படும், பளபளப்பாக மெருகூட்டிய சுவரில் பழங்காலத்துப் பார்வையாளர்கள் கீறி எழுதிய பாடல்களில் 685 ஐத் தொல்பொருளியலாளர் பரணவிதான வாசித்து 1956 இல் வெளியிட்டார். சிங்கப் பாத மேடையில் குளவிகள் கலையும், சத்தம் போடாதீர்கள் என்ற அறிவிப்பைத் தயவுசெய்து மதித்து நடந்துகொள்ளுங்கள்.

உச்சியின் பரப்பு ஏறத்தாழ 1.6 ஹெக்டெயர். அரண்மனையில் மிஞ்சியிருப்பவை செங்கல் அடித்தளங்கள்தான். கூரையையும் தூணையும் நாமே மனத்தில் எழுப்பிக்கொள்ள வேண்டும். ஆனால் பாறையைக் குடைந்து எடுத்த தடாகம் முழுமையாக இருக்கிறது: 27 மீற்றர் நீளம், 21 மீற்றர் அகலம், நிறைய மழைநீர். மேற்கு ஓரத்தில் நின்று கீழே பார்த்தபோது, காலையில் நடந்து வந்த பாதை அகழிவரை நூல் பிடித்தாற்போல் கிடந்தது. தடாகங்கள் இருபுறமும் ஒன்றுக்கொன்று சரிநிகராக வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. முதலில் கீழே நடந்து பார்த்திருந்ததால் ஒவ்வொன்றும் எது என்று எங்களுக்குத் தெரிந்தது. அரசன் தன் பூங்காவை எந்த இடத்திலிருந்து பார்க்க விரும்பினானோ, அந்த இடம் இதுதான்.

போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். ஊற்றுகளைப் பார்க்க வேண்டுமானால் கார்த்திகை முதல் தை வரையான வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், மழை பெய்த மறுநாள் போங்கள்; பங்குனியில் போனால் வெறும் துளைகளைத்தான் பார்க்கலாம். நுழைவாயிலுக்கு அருகே உள்ள அருங்காட்சியகத்தில் முழு நிலத்தின் மாதிரியுரு இருக்கிறது. உள்ளே போகுமுன் அதைப் பார்த்தால் பூங்காவின் அமைப்பு பிடிபடும். படி ஏற முடியாது என்பதற்காக வீட்டுப் பெரியவர்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அகழியிலிருந்து பாறைப் பூங்கா வரை பாதை பெரும்பாலும் சமதரைதான். நிழலுண்டு, இருக்கையுண்டு, ஒரு காலைப்பொழுதுக்கு வேண்டிய அளவு பார்க்கவும் உண்டு. நாங்கள் இறங்கி வந்தபோது பெரியப்பா மகளுக்கு நிலத்தில் குச்சியால் வாய்க்கால் கீறி, சரிவு என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் கலாவெவ அணைக்கட்டையும் பார்த்தே ஆக வேண்டும் என்று அவள்தான் பிடிவாதமாக நின்றாள்.