தோல் தைக்க: துளை முதலில், நூல் பிறகு

துணியில் ஊசி இறங்கும்போது இழைகள் விலகி வழிவிடும். ஊசி வெளியே வந்ததும் பழையபடி நெருங்கிக்கொள்ளும். தோலுக்கு அந்தக் குணம் கிடையாது. விழுந்த துளை விழுந்ததுதான். நன்றாகத் துணி தைக்கத் தெரிந்தவர்களும் தோலில் தடுமாறுவது பெரும்பாலும் இதனால்தான். குண்டூசி குத்தி வைக்க முடியாது. பிரித்துத் தைத்தால் பழைய துளை வரிசை அப்படியே தெரியும். நெருக்கித் தைத்தால் உறுதி என்ற துணிக்கணக்கும் இங்கே தலைகீழ்: 2 மி.மீ.க்குக் குறைவான இடைவெளியில் துளைகளை அடுக்கினால், தபால்தலைத் தாள் போல அந்தக் கோட்டிலேயே கிழிந்து வரும்.

ஆகவே எவ்வளவு பெரிய துளை, எவ்வளவு இடைவெளியில், ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்பதை முடிவுசெய்துவிட்டு நூலைத் தொடுங்கள்.

தோல் வாங்கும்போது

சென்னையில் பெரியமேடுதான் இதற்கான இடம். விலை சதுர அடிக்கு; தடிமன் மி.மீ.யில். வெளிநாட்டு வீடியோக்களில் 'அவுன்ஸ்' என்பார்கள். 1 அவுன்ஸ் சுமார் 0.4 மி.மீ. எட்டு அவுன்ஸ் பெல்ட் என்றால் 3.2 மி.மீ. பர்ஸின் உள் அறைகளுக்கு 0.8 முதல் 1, வெளிப்புறத்துக்கு 1.2, தோள்பைக்கு 1.8 முதல் 2.2, ஒற்றை அடுக்கு பெல்ட்டுக்கு 3 முதல் 3.5 மி.மீ. போதும். பட்டையாக வெட்டுவதை எல்லாம் முதுகெலும்பின் போக்கிலேயே வெட்டுங்கள். வயிற்றுப்பகுதித் தோல் இழுபடும். அதில் வெட்டிய பெல்ட் சில மாதங்களில் நீண்டு, துளைகள் நீள்வட்டமாகிவிடும்.

மரப்பட்டையில் பதனிட்டதா (பட்டைத்தோல்), குரோமிய உப்பில் பதனிட்டதா (குரோம் தோல்) என்பதைக் கேட்பதோடு நிற்காமல் வெட்டுமுகத்தையும் பாருங்கள். நடுவில் நீலச்சாம்பல் தெரிந்தால் குரோம். பட்டைத்தோல் உள்ளும் புறமும் பழுப்பாக இருக்கும். சாயப்பூச்சு இல்லாத இடத்தில் ஒரு சொட்டு நீர் விட்டால் உறிஞ்சிக் கருக்கும். ஒருகாலத்தில் ஆவாரம்பட்டையிலும் பின்னர் வாட்டில் பட்டையிலும் பதனிட்டு, கடுக்காயில் முடிக்கும் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் தமிழ்நாட்டின் பழைய சரக்கு. ஓரத்தை ஈரப்படுத்தி கான்வாஸ் துணியால் தேய்த்துப் பளபளப்பாக்குவது பட்டைத்தோலில்தான் நடக்கும். குரோம் தோலில் மணிக்கணக்கில் தேய்த்தாலும் பிசிர்தான் மிச்சம். அதை மடித்துத் தையுங்கள், அல்லது ஓரத்துக்கான பெயின்ட் பூசுங்கள்.

பட்டைத்தோல் ஈரமாக இருக்கும்போது இரும்பு படக்கூடாது. பைண்டர் கிளிப் மாட்டிவைத்தால் கறுப்புத் தழும்பு விழும். கடுக்காயும் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) சேர்ந்து மையாகும் அதே வேதியியல்தான். கலம்காரிக்குக் கறுப்பு கொடுப்பதும் இதுவே. துணிக்கு வரம், உங்கள் பர்ஸுக்குச் சாபம். பிளாஸ்டிக் கிளிப் வாங்குங்கள். இல்லையென்றால் கிளிப்புக்கு அடியில் ஒரு தோல் துண்டு வையுங்கள்.

கைத்தையல்

இரட்டை ஊசித் தையல்தான் கைத்தையலின் அடிப்படை. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி. இரண்டு ஊசியும் ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராகப் போகும். மெஷினில் மேல்நூலும் கீழ்நூலும் நடுவில் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடிப்பதால், ஒன்று அறுந்தால் மற்றதும் தளரும். இரட்டை ஊசியில் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுநூல் எல்லாத் துளைகளிலும் நிற்கும்.

நூல் மெழுகிட்ட பாலியஸ்டர். பர்ஸுக்கு 0.6 மி.மீ. நூலும் 3 மி.மீ. இடைவெளியும், பைக்கு 0.8 நூல், 4 இடைவெளி. பெல்ட்டுக்கு 1 மி.மீ. நூல், 4 அல்லது 5 இடைவெளி. ஊசி முனை மழுங்கியதாக இருக்க வேண்டும். துளை போடுவது ஊசியின் வேலை அல்ல; கூர்முனை இருந்தால் எதிர்நூலைத்தான் துளைக்கும். ஜான் ஜேம்ஸ் பிராண்ட் ஊசிகளில் 0.6, 0.8 நூலுக்கு எண் 4, 1 மி.மீ.க்கு எண் 2. எண் குறையக் குறைய ஊசி தடிக்கும்.

நூல் எவ்வளவு வெட்டுவது? 'தையல் நீளத்தைப் போல நாலு மடங்கு' என்று பொதுவாகச் சொல்வார்கள். அது மெல்லிய வேலைக்குச் சரி, தடித்த வேலையில் பாதியிலேயே நூல் தீர்ந்து நிற்கும். ஒவ்வொரு தையலிலும் இரண்டு நூலும் இடைவெளியையும் தடிமனையும் கடக்கின்றன. எனவே இடைவெளியோடு மொத்தத் தடிமனைக் கூட்டி, இரண்டால் பெருக்கி, இடைவெளியால் வகுங்கள். 1.2 மி.மீ. தோல் இரண்டு அடுக்கு, 3 மி.மீ. இடைவெளி: 5.4 பெருக்கல் 2, வகுத்தல் 3, ஆக 3.6 மடங்கு. 3.5 மி.மீ. பெல்ட்டை பக்கிளுக்காக மடித்து 5 மி.மீ. இடைவெளியில் தைத்தால் 4.8 மடங்கு. இதோடு முனைகளுக்கு 30 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மீட்டருக்கு மேல் போனால் நூல் துளைகளில் உரசி உரசிப் பிசிறும். இடையில் புது நூல் சேர்ப்பதே மேல்.

தைக்கும் முன் ஒட்ட வேண்டும். செருப்பு தைப்பவர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசை போதும். பளபளப்பான பக்கத்தில் ஒட்டுவதானால் ஓரத்தில் 5 மி.மீ. அகலத்துக்கு உப்புத்தாள் போட்டுச் சுரண்டுங்கள், இல்லாவிட்டால் பூச்சோடு உரிந்து வரும். இரு பக்கமும் மெல்லிய பூச்சு, 10 முதல் 15 நிமிடம் காத்திருப்பு, விரலில் ஒட்டாத நிலை வந்ததும் சேர்த்து அழுத்துங்கள். ஈரமாகச் சேர்ப்பவர்களுக்குத்தான் 'பசை சரியில்லை' என்று தோன்றும்.

தையல் கோட்டை கவராயத்தால் கீறுங்கள். கவராயத்தின் ஒரு கால் ஓரத்தைத் தொட்டபடியே நகரட்டும். பர்ஸில் ஓரத்திலிருந்து 3 மி.மீ., பெல்ட்டில் 4 முதல் 5. அதன்மேல் பிரிக்கிங் அயர்னை (சம இடைவெளியில் பற்கள் உள்ள, துளை போடும் இரும்புக் கருவி) நிமிர்த்தி வைத்து, நைலான் சுத்தியலால் அடியுங்கள். இரும்புச் சுத்தியல் அயர்னின் தலையைச் சிதைக்கும். அடியில் காய்கறி நறுக்கும் பிளாஸ்டிக் பலகை, அதற்கும் கீழே கிரானைட் துண்டு. அடுத்த அடிக்கு முதல் பல் முந்தைய கடைசித் துளையில் உட்கார வேண்டும். இல்லையென்றால் இடைவெளி தடுமாறும். அயர்ன் சிக்கிக்கொண்டால் பற்களைத் தேன்மெழுகில் ஒருமுறை குத்தி எடுங்கள்.

மொத்தத் தடிமன் 4 மி.மீ.யைத் தாண்டினால் அயர்னை முழுக்க அடிக்க வேண்டாம். மேலே அடையாளம் மட்டும் பதித்துவிட்டு, சாய்சதுர முனையுள்ள குத்தூசியால் ஒவ்வொன்றாகத் துளையுங்கள். அயர்ன் கொஞ்சம் சாய்ந்தாலும் முன்பக்கம் நேர்கோடாகவும் பின்பக்கம் ஓரத்தை நோக்கி ஓடும் கோடாகவும் வருவது தடித்த தோலில்தான். இன்னொன்று: அயர்னின் துளைகள் சாய்வானவை. இரண்டு அடுக்கையும் தனித்தனியே வெளிப்புறத்திலிருந்து துளைத்து, உட்புறங்கள் சேரும்படி வைத்தால் சாய்வுகள் எதிரெதிராகி, துளைகள் பெருக்கல் குறியாகச் சந்திக்கும். ஒட்டிய பிறகு ஒரேயடியாகத் துளைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

தைக்கும் வரிசை இப்படி. முன்பக்கம் வலக்கையை நோக்கி இருக்கட்டும். இடது ஊசி முதலில் துளைக்குள். வலப்பக்கம் வந்ததும் நூலை இழுத்து, துளைக்குள் இருக்கும் நூலை உங்களிடமிருந்து அப்பால் ஒதுக்குங்கள். வலது ஊசியை அதே துளையில் உங்கள் பக்கமாக நுழைத்து, பாதி போனதும் முதல் நூலைச் சற்றே முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் ஊசி நூலைக் குத்தவில்லை. அசையாவிட்டால் உடனே ஊசியை வெளியே எடுங்கள். அப்படியே இழுத்தால் முடிச்சாக இறுகும், அப்புறம் கத்தரிதான். இரண்டு பக்கமும் ஒரே அளவு விசையில் இழுங்கள். நூல் தோலில் படிந்தால் போதும், புதைந்தால் அதிகம். எந்த ஊசி முதலில், இரண்டாவது ஊசி எந்தப் பக்கம் என்ற வரிசையைக் கடைசிவரை மாற்றக்கூடாது. நடுவில் மாறினால் அந்த இடத்தில் மட்டும் தையல் நேராகிவிடும், சாய்வு இருக்காது. தூரத்திலிருந்தே தெரியும். முடிவில் இரண்டு மூன்று தையல் பின்னோக்கிப் போய், நூலை ஒட்ட வெட்டி, லைட்டரால் உருக்கி அழுத்துங்கள்.

மெஷின்

வீட்டு மெஷினில் தோல் தைக்கலாமா என்றால், 1 மி.மீ. ஆட்டுத்தோல் இரண்டு அடுக்கு வரை தைக்கலாம். அதற்கு மேல் ஊசி வளையும், அடிப்பல் தோலைத் தள்ளாது, மெஷின் அடிவாங்கும். மோட்டாரைக் கழற்றிவிட்டு காலால் மிதிப்பதே நல்லது. தோலுக்கு வேகம் தேவையில்லை, தடித்த இடங்களில் வீலைக் கையால்கூடச் சுற்ற வேண்டிவரும். பூச்சுள்ள தோல் பிரஷர் ஃபுட்டில் ஒட்டிக்கொண்டு நகராது. டெஃப்லான் ஃபுட் போடுங்கள், அல்லது தோல்மேல் பட்டர் பேப்பர் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுங்கள். தையல் நீளம் 3.5 முதல் 4 மி.மீ.

ஊசி எண்ணில் 110 என்றால் தண்டின் விட்டம் 1.10 மி.மீ.; 110-ம் 18-ம் ஒரே ஊசியின் இரு பெயர்கள். நூலின் தடிமனை டெக்ஸ் எண்ணில் சொல்வார்கள்; எண் கூடக் கூட நூல் தடிக்கும். பாண்டட் நைலான் (இழைகள் பிரியாதபடி ஒட்டிய நைலான்) நூலில் டெக்ஸ் 70-க்கு 110, டெக்ஸ் 90-க்கு 110 முதல் 125, டெக்ஸ் 135-க்கு 140 முதல் 160. பட்டியல் கையில் இல்லையா? நூலை ஊசிக்காதில் கோத்து, சாய்வாக விறைத்துப் பிடியுங்கள். ஊசி தானாகச் சறுக்கி இறங்க வேண்டும். நடுவில் நின்றால் நூலுக்கு அந்தக் காது சிறியது. தைக்கும்போது நூல் சிலும்பி அறுவதற்குக் காரணம் அதுதான். வெயிலில் கிடக்கும் பொருளுக்கு நைலான் வேண்டாம், பாலியஸ்டர் போடுங்கள். சூரிய ஒளி நைலானைச் சீக்கிரம் தின்றுவிடும்.

தோலுக்கான ஊசியின் முனை கத்தி போல வெட்டும். அதே ஊசியைக் கான்வாஸில் ஓட்டினால் இழைகள் அறுந்து, தையல் ஓரத்தில் துணி நைந்துபோகும். கான்வாஸுக்குத் துணி ஊசியின் உருண்டைமுனை. ரெக்ஸினுக்கும் உருண்டைமுனைதான், நீளத் தையலோடு.

தையல் விட்டுவிட்டுப் போகிறதா? ஊசி மேலே ஏறும்போது தோலும் கூடவே எழும்புகிறதா பாருங்கள். எழும்பினால் ஊசிக்குப் பின்னால் நூல் வளையம் விழாது, கீழே சுழன்று நூலைப் பிடிக்கும் ஹூக்குக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது. பிரஷர் ஃபுட் அழுத்தத்தைக் கூட்டுங்கள், புது ஊசி போடுங்கள். மூலையில் திரும்பும்போது மட்டும் விடுகிறது என்றால், ஊசியை அடிமட்டத்துக்கு இறக்கி, கொஞ்சம் மேலேறத் தொடங்கியதும் நிறுத்தித் திருப்புங்கள். அதற்குள் ஹூக் நூலைப் பிடித்திருக்கும்.

கீழே நூல் கூடு கட்டினால் பலரும் பாபினைத்தான் நோண்டுவார்கள். குற்றம் பெரும்பாலும் மேல்நூலில். ஃபுட்டை இறக்கிவைத்து நூல் கோத்திருப்பீர்கள். அப்போது நூலை இறுக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் நடுவில் உட்காராது. ஃபுட்டைத் தூக்கி மறுபடி கோத்தால் சரியாகிவிடும். தொடங்கும்போது இரு நூல் முனைகளையும் மூன்று தையல்வரை பிடித்துக்கொள்ளுங்கள்.

டென்ஷனை எவ்வளவு திருகினாலும் முடிச்சு மேலேயோ கீழேயோ எட்டிப்பார்த்தால், தோல் நூலுக்குப் போதவில்லை என்று பொருள். டெக்ஸ் 135 நூலின் விட்டமே சுமார் 0.4 மி.மீ.; 1 மி.மீ. தோலுக்குள் இரண்டு நூலின் முடிச்சு ஒளிய இடமில்லை. டெக்ஸ் 70-க்கு இறங்குங்கள், அல்லது பாபினில் மட்டும் ஒரு அளவு மெல்லிய நூல் போடுங்கள்.

பைகளும் பெல்ட்டும் தொடர்ந்து தைக்கப்போகிறீர்கள் என்றால் வாக்கிங் ஃபுட் மெஷின்தான் வழி. அடிப்பல், ஊசி, மேல் ஃபுட் மூன்றும் சேர்ந்து தோலை நகர்த்துவதால் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காது. ஜூகி டிஎன்யூ-1541 போன்றவற்றில் தோலுக்கு டிபி×16 (DP×16) ஊசி, துணிக்கு டிபி×17 (DP×17). நீளம் ஒன்றே என்பதால் டைமிங்கை (ஊசியும் ஹூக்கும் சந்திக்கும் நேரம்) தொட வேண்டாம். சாதாரண டெய்லர் மெஷினின் டிபி×1 (DB×1) ஊசி இதில் பொருந்தாது.

பழைய மெஷின் பார்க்கப் போனால் கடைக்காரர் எடுத்துத்தரும் துண்டில் தைத்துப் பார்ப்பதில் பயனில்லை. உங்கள் தோல், உங்கள் நூல், உங்கள் ஊசியைக் கொண்டுபோங்கள். இரண்டு அடுக்கிலிருந்து நாலு அடுக்குக்கு ஏறும் படி ஒன்றை ஒட்டியே எடுத்துப்போய், அதன்மேல் மெதுவாக ஏற்றி இறக்குங்கள்; படியில் தையல் நீளம் சுருங்குகிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ரிவர்ஸ் போட்டால் ஊசி அதே துளைகளில் இறங்குகிறதா பாருங்கள். கிளட்ச் மோட்டார் (எப்போதும் முழு வேகத்தில் சுழல்வது) என்றால், சர்வோ மோட்டாருக்கான (மிதித்தால் மட்டும் ஓடுவது) விலையையும் மனதுக்குள் கூட்டிக்கொண்டு பேரம் பேசுங்கள். கிளட்சில் ஒரே ஒரு தையல் போட்டு நிறுத்த வராது. சர்வோவிலும் வேகம் அதிகமாகத் தோன்றினால் மோட்டார் பக்கப் புல்லியைச் சிறியதாக மாற்றுங்கள், மோட்டார் பெல்ட்டின் நீளத்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும்.