வீட்டு ஸ்டோரேஜ்: அனுப்பக்குள்ள சிபியு சாப்பிடுறதைக் குறைச்ச கதை

கல்லடியில வீட்டு முன்னறையில மூண்டு பழைய பிசியைக் கேபிளால கட்டி, வீடியோவை 64 எம்பி துண்டா வெட்டி மூண்டிலயும் பிரிச்சு வைக்கிற ப்ரோக்ராம் ஒண்டு கோ மொழியில எழுதிட்டு வாறன். மச்சான் மாமாங்கத் தீர்த்தத்தில எடுத்த வீடியோவே ஒரு டிஸ்க் நிறையக் கிடக்கு, டிஸ்க் செத்தா அதோட போயிரும், அதுக்குத்தான் இவ்வளவு பாடும்.

பிரச்சினை என்னெண்டா துண்டை அனுப்பக்குள்ள ஒரு கோர் முக்கால்வாசி ஏறி பேன் இரையத் தொடங்கிரும். இத்தனைக்கும் சும்மா கிகாபிட் லைன், டிஸ்க்ல இருந்து எடுத்து கேபிளுக்குத் தள்ளுறது மட்டும்தான் வேலை.

சாதாரணமா ரீட், ரைட் எண்டு அனுப்பினா டேட்டா கேர்னல்ல (லினக்ஸ்ட மையப் பகுதி) இருந்து ப்ரோக்ராமுக்கு ஒருக்கா, திரும்பக் கேர்னலுக்கு ஒருக்கா கொப்பியாகும், ரெண்டுமே சிபியு தலையில. கேர்னலையே நேரா அனுப்பச் சொல்லுற சென்ட்ஃபைல் கோல் பாவிச்சா டேட்டா ப்ரோக்ராமுக்குள்ள வராமலே போகும். கோ மொழியில இருக்கிற ஐஓ.காப்பி எண்ட பங்க்ஷன் இதைத் தானாச் செய்யும் எண்டு நம்பி இருந்தன். ப்ரோக்ராம் கேர்னலைக் கூப்பிடுறதைக் காட்டுற எஸ்ட்ரேஸைப் போட்டுப் பாத்தா ரீட் 32768, ரைட் 32768 எண்டு வரிவரியா ஓடுது, சென்ட்ஃபைல் ஒண்டு கூட இல்ல!

ரெண்டு நாள் தேடினாப் பிறகுதான் விளங்கிச்சு, அனுப்புற வழியிலயே துண்டு பழுதாகல்லயா எண்டு பாக்கிற ஷா-256 கணக்கைப் போட நான் பைலைச் சுத்தி ஒரு ரீடரை வச்சிருக்கன், அப்ப ஒவ்வொரு பைட்டும் ப்ரோக்ராமுக்குள்ள வந்துதானே ஆகோணும். கன மெஷின்ல பைலைப் பிரிச்சு வைக்கிற ஹடூப்பிட எச்டிஎஃப்எஸ் இதை எவ்வளவு வடிவாச் செய்யுது தெரியுமா, 512 பைட்டுக்கு ஒரு செக்சம் (சரிபாக்கிற எண்) எண்டு எழுதக்குள்ளயே தனி மெட்டா பைல்ல வச்சிரும், சரிபாக்கிறது வாங்குற ஆள். நானும் அப்படியே மாத்திட்டன், ஷாவுக்குப் பதிலா சிஆர்சி32சி எண்ட லேசான செக்சம், தற்செயலாப் பழுதாகிறதைப் பிடிக்க அது காணும், எஸ்எஸ்இ4.2 எண்ட கட்டளைத் தொகுதி இருக்கிற சிபியுவில அதுக்கெண்டே கட்டளை இருக்கு.

மறுகா எஸ்ட்ரேஸ்ல சென்ட்ஃபைல் வந்திட்டு! சிபியுவும் நல்லாக் குறைஞ்சிச்சு, ஆனா பெரும்பங்கு ஷாவை எடுத்ததாலதான், கொப்பி போனதால இல்ல. ஏனெண்டு நெட்வேர்க் காட்டிட செட்டிங் காட்டுற ஈத்டூல்ல பாத்தா ஸ்கேட்டர் கேதர் (மெமரியில சிதறிக் கிடக்கிற டேட்டாவை காட்டே சேத்து எடுக்கிறது) ஓஃப்ல கிடக்கு, அது இல்லாட்டி நெட்வேர்க் காட்டுக்குக் குடுக்க முதல் கேர்னல் இன்னொருக்கா கொப்பி அடிக்கும். ஓன் பண்ணின உடன மிச்சமும் இறங்கிச்சு, இப்ப பேன் சத்தமே இல்ல.

அடுத்தது கல்முனையில அக்கா வீட்ட ஒரு பிரதி வைக்கோணும். அது இன்டர்நெட்டால போறது, டிஎல்எஸ் எண்ட குறியாக்கம் இல்லாம அனுப்ப ஏலா, டிஎல்எஸ் எண்டா பைட்டைத் தொட்டே ஆகோணும். கேர்னல் 4.13ல இருந்து அதைக் கேர்னலுக்குள்ளயே செய்யலாம்தான், ஆனா எங்கட அப்லோட் வேகத்துக்குச் சிபியு முதல்ல முட்டாது, அதால அதில இப்ப கை வைக்கல்ல.