ஏலமும் நிலுவையும்

மார்த்தாண்டத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் எனக்கு வேலை. ரப்பர் ஷீட்டு வியாபாரி, முந்திரி ஆலை, தேன் வியாபாரி என்று எல்லாரும் வருவார்கள். ஆனால் ஏப்ரல் பிறந்தால் என் மேசையை அடைத்துக்கொள்வது சபைக் கணக்குகள்தான். விளவங்கோடு, கல்குளம் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு சர்ச். களியக்காவிளை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்திலிருந்தும் சில ஃபைல்கள் வரும். அங்கே ரசீது மலையாளத்தில் இருக்கும், கொண்டு வருபவர் பேச்சு பாதி தமிழில் இருக்கும். ஊர்க் கோயில் கமிட்டிக் கணக்கும் ஜமாஅத் கணக்கும் நடுநடுவே உண்டு.

வரி ரிட்டர்னில் சபைக்கு வரும் பணம் எல்லாம் நன்கொடை என்ற ஒரே தலைப்பில் அடங்கிவிடும். சபையின் நோட்டில் அப்படி அடங்காது. ஞாயிறு காணிக்கை, மாதச் சந்தா, தசமபாகம், பிறந்தநாள், திருமண நாள், முதல் சம்பளம், கட்டட நிதி, மிஷனரி நிதி, அறுப்பின் பண்டிகை ஏலம். இவற்றில் எனக்குப் பிடித்தது ஸ்தோத்திர காணிக்கை. எதற்கு என்று பக்கத்தில் எழுதியிருப்பார்கள்: பசு கன்று போட்டதற்கு, விசா வந்ததற்கு, ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்கு, மகன் அரியர் எல்லாம் முடித்ததற்கு. ஓர் ஊரின் ஒரு வருடத்தை அதில் வாசித்துவிடலாம்.

கொடுத்து நடத்துவது இங்கே பழைய பழக்கம். 1806-இல் லண்டன் மிஷன் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். 1809-இல் அங்கே ஆலயம் எழும்பியது. லண்டன் மிஷன் பணம் கடல் கடந்து வந்தது உண்மைதான், ஆனால் எல்லாவற்றுக்கும் அது போதவில்லை. 1820-களில் நாகர்கோவிலில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து, விற்ற காசில் பெண்கள் பள்ளியை நடத்தினார். கேரளத்தில் கத்தோலிக்கப் பாதிரியார் குரியாகோஸ் ஏலியாஸ் சாவறா, மான்னானத்துப் பள்ளிப் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்காக வீடு வீடாகப் பிடியரிசி சேர்க்கச் சொன்னார். உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்தால் போதும். அதே வழக்கம் எங்கள் பக்கத்துச் சபைகளிலும் இருந்தது. பழைய நோட்டுகளில் 'அரிசி விற்ற வகை' என்று ஒரு வரவு வரும். ரேஷன் அரிசியைக் கலந்து கொண்டுவருகிறார்கள் என்று கமிட்டியில் புகார் வந்த நடவடிக்கைக் குறிப்பையும் பார்த்திருக்கிறேன். வீட்டில் பொங்குவது ரேஷன் அரிசி என்றால் பிடியரிசியும் அதுவாகத்தானே இருக்கும்?

கோயில் கணக்கின் கதை வேறு. திருவிதாங்கூரில் கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது கோயில் நிலங்களை அரசு எடுத்துக்கொண்டது. அதற்கு ஈடாகத் தொடங்கிய கடமை இன்றைக்கு அரசியலமைப்புச் சட்டத்தில், 290ஏ பிரிவில் நிற்கிறது. 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பகுதிகளின் கோயில்களுக்காக அரசு வருடந்தோறும் 13.5 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும். கேரள அரசு தன் பக்கத்துக் கோயில்களுக்காகக் கொடுக்க வேண்டியது 46.5 லட்சம். சுசீந்திரம், திருவட்டாறு மாதிரிப் பெரிய கோயில்களுக்கு அப்படி ஒரு பின்பலம். தெருமுனை இசக்கியம்மனுக்கும் மாடசாமிக்கும் அதெல்லாம் கிடையாது. அவர்களுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்கும் தலைக்கட்டு வரிதான்.

சரி, ஏலத்துக்கு வருவோம். அறுப்பின் பண்டிகையன்று ஆராதனை முடிந்ததும் முற்றத்துப் பந்தலில் சாமான்களை அடுக்குவார்கள்: பலாப்பழம், ஏத்தன் குலை, மரச்சீனி, தேங்காய், நாட்டுக்கோழி, சில சமயம் ஓர் ஆட்டுக்குட்டி. குலை நியாயமான விலைக்குப் போகும். ஒரு கோழி முதல்முதலாக இட்ட முட்டை வந்தால்தான் கூட்டம் சூடுபிடிக்கும். மச்சினன் கேட்டதற்கு மேல் நூறு, அதற்கு மேல் பங்காளி இருநூறு. துபாயிலிருந்து வாட்ஸ்அப் வீடியோவில் ஒருவர் ஆயிரம் என்பார். எடுத்தவர் முட்டையைத் திரும்ப சபைக்கே கொடுப்பார், மறுபடி ஏலம். காணிக்கைப் பை சுற்றி வரும்போது பத்து ரூபாயை நான்காக மடித்துப் போடுகிறவர்தான் இங்கே மூவாயிரத்துக்குக் கை தூக்குவார். ஊர் பார்க்கக் கொடுப்பதில் தப்பு என்ன, சபைக்குச் சுவர் எழும்பினால் சரி என்று நானும் பல வருடம் நினைத்தேன்.

ஆனால் கேட்ட தொகை வேறு, கட்டிய தொகை வேறு. அடுத்த வருட ஃபைலில் 'ஏல பாக்கி' என்று ஒரு பட்டியல் இணைந்து வரும். வந்தால்தான் வரவு, கேட்டதெல்லாம் வரவு கிடையாது என்று எங்கள் சார் கறாராகச் சொல்லிவிடுவார். அதனால் அந்தப் பட்டியல் கணக்குக்குள் வராமல், கிளிப் போட்டு வருடா வருடம் பின்னாலேயே வரும்.

பெயரில்லாமல் விழும் காசு எனக்கு ஆச்சரியம். வருமான வரிச் சட்டத்தில் 2006-இல் பெயர் தெரியாத நன்கொடைக்கு 30 சதவீத வரி கொண்டுவந்தபோது, முழுக்க மத நோக்கத்துக்காகவே இருக்கும் அமைப்புகளை விட்டுவிட்டார்கள். உண்டியலில் யார் போட்டது என்று எழுதி வைக்க முடியாது என்பது சட்டத்துக்கும் தெரிந்திருக்கிறது. நன்கொடை கொடுத்தவருக்கு வரியில் கிடைக்கும் சலுகையும் ஞாயிறு காணிக்கைக்குக் கிடையாது. ஆக, வரிக்காக யாரும் அந்தப் பையில் போடுவதில்லை. 2020 ஊரடங்குக்கு அப்புறம் ஆலய வாசலில் க்யூஆர் அட்டை ஒட்டினார்கள். வசதிதான். ஆனால் இப்போது பத்து ரூபாய் போட்டவர் பெயரும் பேங்க் ஸ்டேட்மெண்டில் அச்சாகி வருகிறது. பொருளாளர் அதைப் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டு போவதைப் பார்க்க எனக்கு என்னவோ போல இருக்கும்.

அந்தச் சின்னத் தொகைகள்தான் சபையை நடத்துகின்றன. ஆலய வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளைக்குச் சம்பளம், கரண்ட் பில், மேலே பேராயத்துக்கு (பிஷப்பின் நிர்வாகம்) அனுப்பும் பங்கு எல்லாம் ஞாயிறு காணிக்கையிலும் மாதச் சந்தாவிலும்தான் ஓடுகின்றன. ரப்பர் விலை விழுந்தால் முதலில் சந்தாதான் நிற்கும். 2011-இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய விலை 2016 தொடக்கத்தில் 100-க்குக் கீழே போனது. அந்த வருடங்களின் ஃபைலைப் புரட்டினால், ரப்பர் மரத்தில் பால்வெட்டும் குடும்பங்களின் பெயருக்கு எதிரே கட்டம் கட்டமாக வெறுமை.

நிலுவையை மாதாமாதம் யாரும் கேட்பதில்லை. கேட்பதற்கென்று ஒரு நேரம் வைத்திருக்கிறார்கள். மகளின் கல்யாணத்தைச் சபையில் அறிவிக்கும் ஓலை வாசிக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் வந்து நிற்கும்போது நோட்டு திறக்கும். ஜமாஅத்தில் நிக்காஹ் பதிவுக்குப் போகும்போதும் அப்படித்தான். ஊர்க் கோயிலில் கொடை நெருங்கும்போது. மூன்று இடத்திலும் நோட்டு ஒன்றுதான், அட்டையின் நிறம்தான் வேறு. மனமுவந்து கொடுத்ததாக நாங்கள் ரிட்டர்னில் காட்டும் தொகையில் இதுவும் சேர்ந்துதான் இருக்கிறது.

ஒரு சபையின் ரசீதுப் புத்தகத்தில் நாலு வருடத்துச் சந்தா ஒரே நாளில் கட்டியிருந்தது. அடுத்த ரசீது அதே பெயர், அதே தேதி, கல்லறைக் கட்டணம். பால்வெட்டுக்குப் போன மனிதர். அடக்கத்தன்று காலையில் மகன் பக்கத்து வீட்டில் கடன் வாங்கி வந்து கட்டியதாகப் பொருளாளரே சொன்னார். நல்ல மனிதர்தான், சொல்லும்போது அவருக்கே குரல் இறங்கியது.

"இப்பிடிக் கேக்கணுமா அண்ணே?" என்றேன்.

"கேக்காட்டி யாரு தம்பி தருவா? கல்லறைக்குச் சுவரு கெட்டணும், வெள்ளை அடிக்கணும். உண்டியல் மட்டும் வச்சுச் சபை ஓடுமா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. கமிட்டியில் பேசிப் பார்க்கிறேன் என்று போனார். அடக்கத்தன்று நிலுவை கேட்பதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். கல்யாணத்துக்கு மட்டும் விட மனமில்லை. கல்யாண வீட்டில் பணம் புரளும் என்பது அவர்கள் வாதம். புரளுவது யார் பணம் என்று மார்த்தாண்டத்து அடகுக்கடைகளைக் கேட்டால் சொல்லும்.

சந்தா பாக்கியை முழுசாகத் தள்ளினால் எவ்வளவு நட்டம் என்று ஒரு தாளில் போட்டுத் தரச் சொன்னார் பொருளாளர். போட்டுக் கொடுத்தேன். பக்கத்திலேயே, கிளிப் போட்டு வந்துகொண்டிருந்த ஏல பாக்கியையும் கூட்டி எழுதினேன். ஏல பாக்கிதான் பெரிது. அதை வசூலிக்க என்ன ஏற்பாடு என்று கேட்டதற்கு, அவர் பட்டியலை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முதல் ஆறேழு பெயர்களில் பாதிப் பேர் கமிட்டியில் இருக்கிறவர்கள்.