பழைய பைக்குக்கு முன் பிரேக் பேட் மாத்தும்போது

குளச்சல், முட்டம்னு கடலோரமா ஓடுற பழைய வண்டியில முன் பேட் ஒருபக்கமா தேய்ஞ்சா பேடைக் குறை சொல்லாதீங்க. உப்புக்காத்துல காலிப்பர் (பேடை டிஸ்க்கோட அழுத்துற பகுதி) நகர்றதுக்கு இருக்கிற ஸ்லைடு பின் துருப்பிடிச்சு இறுகிடும். அப்புறம் பேடைத் தள்ளுற பிஸ்டன் பக்கத்துப் பேட் 1 மில்லிமீட்டர், எதிர்ப்பேட் 3 மில்லிமீட்டர் தடிமன்னு நிக்கும். பேட் மட்டும் புதுசு போட்டா மறுபடி அதே கதைதான்.

காலிப்பரைக் கழற்றும் முன்னாடியே பேடைப் பிடிச்சிருக்கிற பின்னை லூஸ் பண்ணிடுங்க, கையில வச்சுத் திருகினா அசையாது. ஸ்லைடு பின்னை உருவித் துருவைச் சுத்தம் பண்ணி சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவணும். குழி விழுந்த பின்னுன்னா மாத்திடுங்க. சாதா கிரீஸ் போட்டா பின்னை மூடியிருக்கிற ரப்பர் பூட் ஊதிப்போகும்.

பிஸ்டனோட வெளி ஓரத்தை பிரேக் ஆயில் நனைச்ச துணியால துடைச்ச பிறகுதான் உள்ளே தள்ளணும். அழுக்கோட தள்ளினா சீல் போயிடும், ஆயில் கசியும். தள்ளும்போது ஹேண்டில்ல இருக்கிற பிரேக் ஆயில் டப்பாவுல ஆயில் ஏறும். பெட்ரோல் டேங்க்ல சிந்தினா பெயின்ட் உரியும், உடனே தண்ணி ஊத்துங்க.

டிஸ்க்ல பொறிச்ச குறைஞ்சபட்ச தடிமனைவிட டிஸ்க் மெலிஞ்சிருக்கான்னும் பாத்துக்குங்க.

பூட்டினதும் பிரேக் லீவரை அது கெட்டியாகுற வரை பிடிச்சு விட்டு அடிங்க. முதல் அடிக்கு பிரேக்கே இருக்காது! புதுப் பேட் டிஸ்க்கோட படியுற வரைக்கும் சமதரையில மெதுவா பிடிச்சுப் பிடிச்சு ஓட்டுங்க, பேச்சிப்பாறை ஏத்த இறக்கமெல்லாம் அப்புறம்.