‘முன்னாடி லேசா பட்டிருக்கு’ என்று விற்க வந்த காரைப் பரிசோதித்த விதம்

2017 மார்ச் தயாரிப்பு, பெட்ரோல், ஓடோமீட்டரில் 62,000 கி.மீ. கடைசி இரண்டு ஆண்டுகளில் மூன்று கை மாறியிருக்கிறது. சர்வீஸ் ரசீதுகள் 2020 வரை ஒழுங்காக இருக்கின்றன. அதன்பிறகு ஒன்றுகூட இல்லை. கேட்டால், ‘முன்னாடி லேசா பட்டிருக்கு, பம்பர் மட்டும் மாத்தினோம்’ என்று பதில். இப்படியொரு வண்டியை எடுக்கலாமா, விடலாமா என்று முடிவுக்கு வர இரண்டு அரை நாள் பிடித்தது. பார்த்த வரிசையிலேயே எழுதுகிறோம்.

வண்டியைத் தொடுவதற்கு முன் விற்பவர் சொன்னதை ஒரு தாளில் குறித்துக்கொண்டோம். எப்போது அடிபட்டது, எந்தப் பக்கம், என்னென்ன மாறியது, ஏர்பேக் வெடித்ததா, தண்ணீரில் நின்றதா. கடைசி இரண்டுக்கும் ‘இல்லை’ என்றார். இதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். குறையைக் காட்டிவிட்டுக் கேட்டால், காட்டிய குறைக்குப் பொருந்துகிற விளக்கம்தான் கிடைக்கும்.

பேப்பர் வேலை சீக்கிரம் முடிந்தது. சேசிஸ் நம்பரில் 17 இடங்கள் இருக்கும். ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ மூன்றும் வராது, 1 என்றும் 0 என்றும் குழம்பிவிடும் என்பதால். டேஷ்போர்டில், கதவுத் தூண் ஸ்டிக்கரில், பாடியில் பொறித்த இடத்தில், பதிவுச் சான்றிதழில் என்று நான்கையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டோம். பொறித்த எண்ணைச் சுற்றி விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கிரைண்டர் ஓட்டிய வழவழப்போ, புதிய பெயிண்ட்டோ, தகடு ஒட்டிய விளிம்போ தட்டுப்பட்டால் அதற்கு மேல் எதையும் பார்க்கத் தேவையில்லை, அங்கேயே திரும்பிவிடலாம். இதில் எண்கள் சரி, கடன் பாக்கி இல்லை, இன்ஷூரன்ஸில் டோட்டல் லாஸ் (சரிசெய்யக் கட்டுப்படியாகாது என்று கைவிட்ட வண்டி) என்ற பதிவும் இல்லை. ஆனால் பதிவு இல்லை என்பதை வைத்து விபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கைக்காசு போட்டுச் செய்த டிங்கரிங் எந்தப் பதிவிலும் ஏறாது.

அடுத்து பெயிண்ட் கனமானி, அதாவது பெயிண்டின் தடிமனை அளக்கும் கருவி. கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 90 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும். 200-ஐத் தாண்டினால் மறுபடி அடித்த பெயிண்ட் என்று சந்தேகப்படலாம். 1,000-ஐத் தாண்டினால் உள்ளே பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பூசியிருக்கிறார்கள். முதலில் கூரையில் அளப்போம். கூரை சாதாரணமாக அடிபடாது என்பதால், அந்த வண்டிக்கான அளவுகோலாக அதை வைத்துக்கொள்ளலாம். இங்கே கூரை 110, இடது முன்கதவு 115, முன் தூண் 105, பானெட் 240, இடது ஃபெண்டர் 290. பம்பர் பிளாஸ்டிக், அதில் கருவி ஒன்றும் காட்டாது. ‘பம்பர் மட்டும்’ என்ற பேச்சு இங்கேயே உடைந்துவிட்டது. ஆனாலும் 290 என்பது மறுபெயிண்ட்தான், பட்டி இல்லை. வண்டியை இதற்காக ஒதுக்க வேண்டியதில்லை.

பானெட் கீல் போல்ட்டிலும் ஃபெண்டர் போல்ட்டிலும் ஸ்பேனர் பட்டு பெயிண்ட் உடைந்திருந்தது. இடது ஹெட்லைட்டின் தயாரிப்புத் தேதி 2021, வலதில் 2017. ரேடியேட்டர் சப்போர்ட் புதிது. இவை எல்லாமே கழற்றி மாட்டுகிற பாகங்கள். கேள்வி அவற்றுக்குப் பின்னால் இருக்கிற வெல்டு செய்த பாடியைப் பற்றியது: இன்ஜினின் இரு பக்கமும் நீளவாக்கில் ஓடும் முன்பக்க ரெயில், சக்கரத்துக்கு உட்பக்கத் தகடான ஏப்ரன், சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் உட்காரும் கோபுரம், கூரையைத் தாங்கும் தூண்கள். மோதலில் மடங்கி வேகத்தை வாங்கிக்கொள்வதற்காகவே ரெயிலை வடிவமைத்திருக்கிறார்கள். ஒருமுறை மடங்கியதைச் சூடாக்கி இழுத்து நிமிர்த்தினால் பார்வைக்கு நேராகிவிடும். அடுத்த மோதலில் எங்கே மடங்கும், எவ்வளவு மடங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பானெட்டைத் திறந்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். கம்பெனி ஸ்பாட் வெல்டு சின்ன வட்டக் குழியாக ஓரளவு ஒரே இடைவெளியில் வரிசையாக வரும். கையால் செய்த வெல்டு மேடாக இருக்கும், அல்லது கிரைண்டர் தேய்த்த தடம் தெரியும். இணைப்பில் பூசிய சீலரிலும் பிரஷ் கோடு தெரிகிறதா என்று மறுபக்கத்தோடு ஒப்பிட வேண்டும். இந்த வண்டியில் ரெயில் நுனியில் போல்ட்டில் மாட்டுகிற நொறுங்கு பெட்டி (அடியில் முதலில் நசுங்குவதற்கான பாகம்) மாற்றப்பட்டிருந்தது. ரெயிலில் சுருக்கம் இல்லை, ஏப்ரனில் கம்பெனி வெல்டு அப்படியே இருந்தது.

ஸ்டியரிங்கை நேராக வைத்து முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்தோம். 3 மி.மீ. வித்தியாசம்; அது டேப்பின் தவறுக்குள் அடங்கும். சில மாடல்களில் வடிவமைப்பிலேயே வித்தியாசம் உண்டு. பழைய ரெனோ 4 காரில் ஸ்பிரிங்காக வேலை செய்யும் பின்பக்க முறுக்குக் கம்பிகள் (டார்ஷன் பார்கள்) ஒன்றன்பின் ஒன்றாகக் கிடப்பதால் இரு பக்கமும் கிட்டத்தட்ட 5 செ.மீ. வேறுபடும். எனவே அந்த மாடலின் சரியான அளவைத் தெரிந்துகொண்டு அளப்பது நல்லது.

தண்ணீர் சோதனைக்கு எப்போதும் கூடுதல் நேரம் ஒதுக்குகிறோம். வெள்ளத்தில் நின்ற வண்டி வாங்கும் அன்று நன்றாகவே ஓடும். கனெக்டருக்குள் பச்சை பூத்து, மாதங்கள் கழித்து ஒவ்வொரு மின்பாகமாகச் சாகும். எது எப்போது போகும் என்று தெரியாததால் விலையில் எவ்வளவு கழிப்பது என்று கணக்கே போட முடியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தோம். சுருளுக்குள் இருக்கிற பகுதியை யாரும் கழுவுவதில்லை, சேற்றுக்கோடு அங்கே தங்கிவிடும். சீட் தண்டவாளத்தின் போல்ட், கார்பெட்டுக்கு அடியிலுள்ள ஸ்பாஞ்ச், ஸ்டெப்னி கிடக்கும் குழி, டேஷ்போர்டுக்கு அடியில் யார் கையும் போகாத இரும்புச் சட்டம் என்று எல்லாம் பார்த்தாயிற்று. வண்டல் இல்லை, துரு இல்லை. பழைய வண்டியில் கார்பெட் மட்டும் புத்தம்புதிதாக இருந்தாலும், நறுமணம் தூக்கலாக அடித்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் பெல்ட்டை இழுத்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் லேபிளில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். பின்சீட்டில் 2017 பிப்ரவரி. முன்சீட் இரண்டிலும் 2021. பெல்ட் தானாகத் தேய்ந்து நான்கு வருடத்தில் ஜோடியாக மாறுவது அபூர்வம். மோதலில் முன் பெல்ட்டை வெடிமருந்தால் இறுக்கும் பிரிடென்ஷனர் ஒருமுறை வெடித்தால் மாற்றியே ஆக வேண்டும். அது வெடிக்கிற அடியில் முன் ஏர்பேக்கும் பெரும்பாலும் வெடித்திருக்கும். கெட்டியான சுவரில் மணிக்கு 15 முதல் 25 கி.மீ. வேகத்தில் நேராக மோதுவதற்கு ஈடான அடி அது. ‘லேசா பட்டது’ என்பதில் அது அடங்காது.

ஏர்பேக் விளக்கைக் கவனித்தோம். சாவியைத் திருப்பியதும் எரிந்து சில நொடிகளில் அணைந்தது. எரியாமலே இருந்தால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம்; ஆயில் விளக்கோடு ஒரே கணத்தில் அணைந்தால் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கலாம். இங்கே சரியாக அணைந்தது. அதுவும் போதுமான சாட்சி கிடையாது. ஏர்பேக் இருக்க வேண்டிய கனெக்டரில் 2 அல்லது 3 ஓம் ரெசிஸ்டரை (மின்தடை) செருகினால், பை மாட்டியிருப்பதாக நினைத்து, ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான மாட்யூல் விளக்கை அணைத்துவிடும். ஸ்கேனரிலும் தவறு வராது.

ஸ்கேனரை, இன்ஜின் தவறுகளை மட்டும் காட்டும் பொதுவான ஓபிடி பகுதியோடு நிறுத்திவிடாமல் ஏபிஎஸ் (பிரேக்), ஏர்பேக் மாட்யூல்கள் வரை போகிற கருவியாக எடுப்பது நல்லது. இன்ஜினில் தவறுக் குறியீடு இல்லை. ஆனால் ‘குறியீடு அழித்த பின் ஓடிய தூரம்’ 38 கி.மீ. என்று காட்டியது, அதாவது குறியீடுகள் அண்மையில்தான் அழிந்திருக்கின்றன. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டை வண்டி தானே சோதிப்பதும் இன்னும் முடியவில்லை. பேட்டரியைக் கழற்றினாலும் சில வண்டிகளில் இப்படி ஆகும், அதனால் குற்றம் சொல்லவில்லை. மறுநாள் நெடுஞ்சாலையும் ஊருக்குள்ளுமாக 80 கி.மீ. ஓட்டி மறுபடி பார்த்தோம். சோதனைகள் முடிந்தன, தவறு வரவில்லை. குளிர்ந்த இன்ஜினில் ஸ்டார்ட் செய்தபோது புகை இல்லை. கம்ப்ரெஷன் நான்கு சிலிண்டரிலும் 10 சதவீத வித்தியாசத்துக்குள். சார்ஜிங் 14.2 வோல்ட்.

62,000 கி.மீ. என்பதையும் நம்பலாம் என்று தோன்றியது. பின் டயர்களில் 4116 என்று இருந்தது, அதாவது 2016-இன் 41-ஆவது வாரம்: வண்டியோடு வந்தவை. முன் டயர்கள் 2021-இல் வாங்கியவை. பெடல் ரப்பரும் ஸ்டியரிங் தோலும் அந்தத் தூரத்துக்கு ஒத்த தேய்மானத்தில் இருந்தன. ஏபிஎஸ் மாட்யூல் சேமித்து வைத்த தூரமும் ஒத்துப்போனது.

ஆக மிச்சம் ஏர்பேக் ஒன்றுதான். 2021 வேலைக்கான பில்லைக் கேட்டோம். கொண்டுவந்த பில்லில் பானெட், ஃபெண்டர், ஹெட்லைட், பெல்ட் ஜோடி, பெயிண்ட் இருந்தன, ஏர்பேக் இல்லை. திறந்து பார்ப்பதற்கான கூலி எங்களுடையது என்றதும் சம்மதித்தார். இதைப் பயிற்சி பெற்ற டெக்னீஷியன் மட்டுமே செய்ய வேண்டும். பேட்டரி டெர்மினலைக் கழற்றி, மாட்யூலுக்குள் தேங்கிய மின்சாரம் வடியும் வரை சில நிமிடம் காத்திருந்துதான் கனெக்டரைத் தொட்டார்.

ஸ்டியரிங்கில் பை இருந்தது, லேபிள் தேதி 2015. வேறொரு வண்டியிலிருந்து கழற்றியது. பயணி பக்கம் பையே இல்லை. கனெக்டரில் ஒரு ரெசிஸ்டர், மேலே பசை போட்டு ஒட்டிய டேஷ்போர்டு மூடி. பழைய பையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. டகாட்டா என்ற ஜப்பானிய கம்பெனியின் இன்ஃப்ளேட்டர்களில் (பையை ஊதும் பாகம்) ஈரம் உறிஞ்சும் பொருள் இல்லாமல் போட்ட அம்மோனியம் நைட்ரேட், வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வருடங்கள் போகப்போகக் கெட்டு, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளைத் தெறிக்கவிட்டது. பல கம்பெனிகளின் கோடிக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். திரும்ப அழைத்த பட்டியலைச் சேசிஸ் நம்பரை வைத்துத் தேடுகிறோம். வேறு வண்டியிலிருந்து வந்த பை அந்தத் தேடலில் சிக்காது.

பாடி நேராக இருந்ததால் வண்டியை முழுதாகத் தள்ளிவிட மனம் வரவில்லை. இரண்டு புதிய ஏர்பேக், டேஷ்போர்டு, ஏர்பேக் மாட்யூல், முன் மோதல் சென்சார்கள், வேலைக்கூலி எல்லாவற்றையும் கம்பெனி விலையில் எழுதி, அதே ஆண்டின் அடிபடாத வண்டி விலையிலிருந்து கழித்தோம். மறுபடி விற்கும்போது விபத்து வண்டி என்று குறையப்போகிற தொகையையும் சேர்த்துக் கழித்தோம். வந்த தொகைக்கு அவர் ஒப்பவில்லை. முன்பணம் கொடுக்கவில்லை, வண்டியை எடுக்கவும் இல்லை. ரெசிஸ்டரின் படத்தையும் 2015 லேபிளின் படத்தையும் அவரிடம் கொடுத்து, புதிய பைகள் மாட்டும் வரை பயணி சீட்டில் யாரையும் உட்காரவைக்க வேண்டாம் என்று எழுதியும் கொடுத்தோம்.