பாமினிக் கோப்புகளோடு லினக்ஸுக்கு மாறுவது: முத்தையன்கட்டிலிருந்து இதுவரை

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். என்னுடைய லப்டொப் ஐந்தாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம். வவுனியாவில் பழையதாக வாங்கியது, இன்னும் நன்றாகவே ஓடுகிறது. எங்கள் கமக்காரர் அமைப்பின் கூட்டக் குறிப்பு, உரப் பட்டியல், சிறுபோகத்துக்கு யார் யாருக்கு எவ்வளவு காணி என்ற கணக்கு எல்லாம் அதில்தான். நல்ல பொறியைக் குப்பை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட முடிவெடுத்தேன். ராம் குறைவு என்பதால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு.

நிறுவியதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பு 3 ஜிபி அளவில் வரும், இரவு டேட்டாவில் இறக்கினேன். இங்கே இணைப்பு அடிக்கடி விட்டு விட்டு வரும், ஆகவே இறக்கிய கோப்பு முழுமையா என்று ஷா256 என்ற சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம். முதலில் பென் ட்ரைவிலிருந்தே ஓடவிட்டு வைஃபை, சத்தம், விசைப்பலகை எல்லாவற்றையும் சோதித்தேன். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே இதைச் செய்யலாம். வைஃபை பிடிக்காவிட்டால் கைபேசியை யூஎஸ்பி வயரில் இணைத்து டேட்டா கொடுத்தால் போதும். மழைக் காற்று நாளில் நிறுவத் தொடங்க வேண்டாம். பாதியில் கரண்ட் போய், பற்றரியும் பழசென்றால் திரும்ப முதலிலிருந்துதான்.

மின்ட் வந்ததைக் கேள்விப்பட்டதும் எங்கள் தலைவர் கேட்டது ஒன்றே ஒன்று: “தம்பி, பாமினி இதில வருமே?”

“வரும் அண்ணை, கொஞ்சம் வேலை இருக்கு” என்றேன். அந்தக் கொஞ்ச வேலைதான் இந்த மாற்றத்தின் முக்கால்வாசி. வன்னியில் கணினியில் தமிழ் அடித்த யாருக்கும் இது புரியும். கடிதம், விண்ணப்பம், திருமண அழைப்பிதழ் என்று எல்லாமே பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கிடக்கின்றன. அதில் கோப்பினுள் இருப்பது தமிழே அல்ல, ஆங்கில எழுத்து. ‘தமிழ்’ என்று அடித்தால் உள்ளே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்றுதான் பதிவாகும். எழுத்துரு இல்லாத கணினியில் அப்படியே குப்பையாகத் தெரியும்.

எழுத்துருவைப் போடுவது சுலபம். ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் ‘ஃபொன்ட்ஸ்’ என்றொரு மறைந்த ஃபோல்டர் வைத்து (கன்ட்ரோல்+எச் அழுத்தினால் மறைந்தவை தெரியும்) பாமினிக் கோப்பை அதற்குள் போட்டால் லிப்ரே ஒஃபிஸ் என்ற ஆவண மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. அப்புறம் ஓட்டோகரெக்டில் ‘வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கு’ என்பதை நிறுத்துங்கள். பாமினியில் சிறிய ஜே ‘த’, பெரிய ஜே ‘து’. அதை நிறுத்தாவிட்டால் வரியின் தொடக்கத்தில் ‘தலைவர்’ என்று அடித்து இடைவெளி விட்டதும் ‘துலைவர்’ ஆகிவிடுவார். கூட்டக் குறிப்பில் அது நல்லாயிராது.

இது பழைய கோப்புகளைத் திறக்க மட்டும். புதிதாக எழுதுவதெல்லாம், தமிழைத் தமிழாகவே பதியும் யூனிகோட்டில்தான் என்று தீர்மானித்திருக்கிறேன். சொஃப்ட்வெயர் மனேஜரில் ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு மென்பொருளைத் தேடி நிறுவி, வெளியேறித் திரும்ப உள்நுழைந்தால் தமிழுக்குப் பல விசைப்பலகைகள் கிடைக்கின்றன: தமிழ்99, ஒலியியல், தட்டச்சு, ரெங்கநாதன். இலங்கைப் பழக்கத்துக்கு ரெங்கநாதன் ஏற்றது. பழைய தட்டச்சுப்பொறியின் ஒழுங்கை ஒட்டியதால் பாமினி விரல்களுக்கு அந்நியமாக இல்லை. இனிப் பழகப்போகிற பிள்ளைகளுக்கு நான் தமிழ்99ஐத்தான் சொல்வேன்.

பழையவற்றை யூனிகோட்டுக்கு மாற்றும் வேலை மெல்ல நடக்கிறது. மாற்றி மென்பொருளில் போட்டு எடுத்ததும் கண்ணை மூடிச் சேமிக்கக் கூடாது. பாமினியில் கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பிறகு அடிப்போம், யூனிகோட்டில் எழுத்து முதலில். அதோடு ஔகாரத்தின் பின்பாதியும் ‘ள’வும் பார்வைக்கு ஒன்று. ஆகவே சில மாற்றிகள் ‘வெள்ளம்’, ‘வெளி’ போன்ற சொற்களில் கொம்பையும் ‘ள’வையும் சேர்த்து ஔகாரமாக்கிவிடுகின்றன. கண்ணுக்குச் சரிபோலத் தெரியும், ஆனால் தேடினால் அகப்படாது. எங்கள் குறிப்புகளில் வெள்ளம் வராத காலபோகமே இல்லை! அதனால் ஒவ்வொரு கோப்பிலும் அந்த வகைச் சொற்களைத் தேடித் திருத்தியபின்தான் அடுத்ததற்குப் போகிறேன். திருத்தியவற்றில் ஒரு காணிக்காரரின் பெயரைத் தேடினால் எல்லாப் பட்டியலிலிருந்தும் உடனே வந்து நிற்கிறது. பாமினிக் காலத்தில் இது இவ்வளவு இலகுவாக இல்லை.

வேகம் எப்படி என்று கேட்பவர்களுக்கு: முன்பைவிட நன்று. ஒரு உலாவி, ஒரு கணக்குத்தாள் திறந்து வைத்து வேலை செய்யலாம். உலாவியில் பல தாவல்களைத் திறந்தால் திணறும், 4 ஜிபிக்கு அது இயல்பு. பிரிண்டருக்குப் பொருத்தமான ட்ரைவர் இன்னும் சரிவரவில்லை, அதுவரை பிடிஎஃப் ஆக்கி ஒட்டுசுட்டானில் அச்செடுக்கிறோம்.

அமைப்பின் மற்றக் கணினிக்கும் இதே பென் ட்ரைவ்தான். உரிமக் காசும் இல்லை, திருட்டுப் பிரதி என்ற உறுத்தலும் இல்லை. பொருளாளர் அக்கா தன் கணக்குக் கோப்புகளைப் பிரதி எடுத்துத் தந்ததும் அதைத் தொடங்குவேன்.